பால்வீதியின் ஊற்றும் இறைப்பும்

குடிமங்கலம் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர் ஒருவர் கேட்டிருக்கிறார். போன பங்குனியில் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலில் அவருக்கு முறைத் தண்ணீர் பின்னிரவில் வந்திருக்கிறது. மடையைத் திருப்பிவிட்டு வரப்பில் உட்கார்ந்த நேரம் பார்த்துச் சுற்றுவட்டாரம் முழுக்கக் கரண்ட் போய்விட்டது. மணி 3 இருக்குமாம். தெற்கே விருச்சிகத்தின் வால் பக்கம் கிளம்பி வடகிழக்கே சாய்ந்து ஒரு வெளிச்சப் பட்டை. ஐம்பது வயதில் அன்றைக்குத்தான் பால்வீதியை முழுசாகப் பார்த்தேன் என்கிறார். "ஏனுங்க, இது ஆதியிலிருந்தே இப்படித்தான் இருக்குதுங்களா, இல்ல கொஞ்சங்கொஞ்சமா உருவாச்சுங்களா? ஆண்ட்ரோமீடான்னு ஒண்ணு வந்து இடிக்கும்னு யூடியூப்ல சொல்றாங்களே, நெசமுங்களா? அப்புறம், அந்தப் பட்டைக்கு நடுவுல கறுப்பா, துணி கிழிஞ்ச மாதிரி தெரிஞ்சதே, அது என்னங்க?"

மூன்றாவது கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன்.

பால்வீதி என்பது நாம் உள்ளே இருந்து பார்க்கும் நம்முடைய கேலக்ஸி. தோசைக்கல் போலத் தட்டையான ஒரு வட்டு; குறுக்களவு சுமார் 1 லட்சம் ஒளியாண்டு (ஒளி ஓர் ஆண்டில் போகும் தூரம் ஓர் ஒளியாண்டு). அதில் 10,000 கோடிக்குக் குறையாமல் விண்மீன்கள். சூரியன் மையத்திலிருந்து 26,000 ஒளியாண்டு தள்ளி, பாதி தூரத்தில் இருக்கிறது. இதற்கு வெளியே வேறு கேலக்ஸிகளும் உண்டு என்பதே நூறு வருஷத்துச் செய்திதான். 1923-ல் வானியலாளர் எட்வின் ஹப்பிள் ஆண்ட்ரோமீடாவில் ஒளி கூடிக் குறையும் ஒரு விண்மீனைக் கண்டுபிடித்தார். அதை வைத்துத் தூரத்தைக் கணக்குப் போட்டபோதுதான், அது நம் பால்வீதிக்குள் இருக்கும் மேகம் இல்லை, தனி ஊர் என்பது உறுதியானது.

பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்திய காலமெல்லாம் நானும் "கேலக்ஸி என்றால் விண்மீன்களின் கூட்டம்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். தப்பில்லை. ஆனால் தோட்டம் என்றால் தென்னைகளின் கூட்டம் என்று சொல்வது போல அது. மரத்தை எண்ணிக்கொண்டிருந்தால் தோட்டத்தின் கதை தெரியாது. தண்ணீர் எங்கிருந்து வந்தது, எவ்வளவு இறைத்தார்கள், எப்போது வற்றியது என்று கேட்டால்தான் தெரியும். கேலக்ஸிக்குத் தண்ணீர் என்பது வாயு; பெரும்பாலும் ஹைட்ரஜன், கொஞ்சம் ஹீலியம். விண்மீன் அதிலிருந்து விளையும் விளைச்சல்.

முதலில் பள்ளம். பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டு. அதன் தொடக்கமான பெருவெடிப்புக்கு ஏறக்குறைய 3.8 லட்சம் ஆண்டு கழித்துக் கிளம்பிய ஒளி இன்றைக்கும் நுண்ணலையாக வானம் முழுக்க நிறைந்திருக்கிறது. அதை அளந்து பார்த்தால் அன்றைய பிரபஞ்சம் கிட்டத்தட்ட முழுச் சமம். ஏற்றத்தாழ்வு லட்சத்தில் ஒரு பங்குதான். நெல் நாற்று நடுவதற்கு முன்னால் சேற்றில் பரம்படிப்போமே, அப்படி அடித்த 100 மீட்டர் வயலில் 1 மில்லிமீட்டர் மேடுபள்ளம் இருந்தால் எப்படியோ அப்படி. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தண்ணீர் கட்டினால் அதற்குத் தெரிந்துவிடும். ஒரு துளி அடர்த்தி கூடிய இடம் ஒரு துளி கூடுதலாக இழுக்கும். இழுத்ததால் இன்னும் அடர்த்தி கூடும். கூடியதால் இன்னும் இழுக்கும். ஈர்ப்புக்கு அவசரம் கிடையாது, விடவும் விடாது.

பள்ளத்தை ஆழமாக்கியது யார் என்பதுதான் வேடிக்கை. நம் கண்ணுக்குத் தெரியும் பொருள் இல்லை. 1933-ல் வானியலாளர் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி ஒரு கேலக்ஸிக் கொத்தைப் பார்த்து, உள்ளே ஓடும் வேகத்துக்கு இங்கே தெரியும் எடை போதாது என்றார். 1970-ல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமீடாவின் சுழற்சியை அளந்தார்கள். ஓரத்துக்குப் போகப் போக வேகம் குறைய வேண்டும், குறையவில்லை. ஒளி விடாத, ஒளியை மறைக்காத ஏதோ ஒன்று சுற்றிலும் நிறைந்திருக்கிறது. கரும்பொருள் என்று பேர் வைத்தார்கள். சாதாரணப் பொருளைப் போல ஐந்து மடங்குக்கு மேல் இருக்கிறது. என்ன துகள் என்று இன்றுவரை யாரும் பிடிக்கவில்லை. ஆரம்பத்தில் சாதாரண வாயு ஒளியோடு பின்னிக் கிடந்ததால் சுருங்க முடியாமல் தவித்தது. கரும்பொருளுக்கு ஒளியோடு ஒட்டு உறவு எதுவும் இல்லை. அது பாட்டுக்கு முன்னாலேயே குவிய ஆரம்பித்துவிட்டது. கிணற்றை வெட்டியது அதுதான். வாயு பிறகு வந்து விழுந்தது.

விழுந்துவிட்டால் மட்டும் விண்மீன் ஆகிவிடாது, ஆற வேண்டும். கரும்பாலையில் பாகு இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள். கொப்பரையில் கொதிக்கும் பாகை அப்படியே கையில் எடுத்து உருண்டை பிடிக்க முடியுமா? தொட்டியில் ஊற்றி, துழாவி, சூடு இறங்கிய பிறகுதான் பிடிபடும். வாயுவும் அப்படித்தான். பள்ளத்தில் விழும்போது மோதிச் சூடேறுகிறது; சூடான வாயு உப்பி நிற்கும், சுருங்காது. சூட்டை ஒளியாக வெளியே விட்டு ஆறினால்தான் நடுவே இறங்கி இறுகும். கரும்பொருளுக்கு இந்த வழி இல்லாததால் அது பெரிய உருண்டையாக வெளியே நின்றுவிட, வாயு மட்டும் உள்ளே இறங்குகிறது. கரும்பொருள் பள்ளத்துக்குள் ஆறும் வாயுதான் கேலக்ஸி என்ற இந்தக் கணக்கை 1978-ல் சைமன் ஒயிட்டும் மார்ட்டின் ரீஸும் போட்டுக் காட்டினார்கள். அதன் அடிப்படை இன்னும் நிற்கிறது.

இறங்கும் வாயுவுக்குக் கொஞ்சம் சுழற்சியும் இருக்கும். சுற்றும் பிள்ளை கையை மடக்கினால் வேகம் கூடுவது போல, சுருங்கச் சுருங்கச் சுழற்சி கூடும். அச்சின் போக்கில் மேலிருந்தும் கீழிருந்தும் இறங்கத் தடை இல்லை. பக்கவாட்டில் இறங்கச் சுழற்சி விடாது. அதனால் தட்டையாகிறது. நீங்கள் பார்த்தது பட்டையாகத் தெரிந்ததற்குக் காரணம் இதுதான்: தோசைக்கல்லை அதன் விளிம்பு வாட்டத்தில் பார்க்கிறோம்.

முதல் விண்மீன்கள் பெருவெடிப்புக்குப் பின் 10, 20 கோடி ஆண்டுக்குள் எரியத் தொடங்கியிருக்க வேண்டும். முதல் கேலக்ஸிகள் சின்னஞ்சிறியவை. அவை ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாயின. சிறியது முதலில், பெரியது பின்னால். 2021 கிறிஸ்துமஸ் அன்று மேலே போன ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி இதில் ஒரு குழப்பத்தைக் கொண்டுவந்தது. தூரத்திலிருந்து வரும் ஒளி பழைய ஒளி, அதனால் தூரத்தைப் பார்த்தால் பழைய காலம் தெரியும். அப்படிப் பெருவெடிப்புக்கு 30 கோடி ஆண்டு கூட ஆகாத காலத்திலேயே எதிர்பார்த்ததைவிடப் பிரகாசமான கேலக்ஸிகளைக் காட்டியது. புனேயில் இருக்கும் தேசிய வானொலி வானியற்பியல் மையத்தினர் அதே வெப் படங்களிலிருந்து 150 கோடி ஆண்டு வயதுப் பிரபஞ்சத்தில் அழகான இரு கை சுருள் கேலக்ஸி ஒன்றைக் கண்டுபிடித்து, அலக்நந்தா என்று ஆற்றின் பெயரை வைத்திருக்கிறார்கள். அவ்வளவு சின்ன வயதில் வட்டு இப்படி ஒழுங்காக அமையாது, கலைந்து கிடக்கும் என்றுதான் நினைத்திருந்தோம். இதைப் பார்த்துவிட்டு "பெருவெடிப்பே பொய்" என்று வீடியோ போடுகிறவர்களை விட்டுத்தள்ளுங்கள். பள்ளம் வெட்டிய கணக்கு ஆடவில்லை. விழுந்த வாயு எவ்வளவு வேகமாக விண்மீன் ஆனது என்ற கணக்கைத்தான் திருத்திக்கொண்டிருக்கிறார்கள்.

இனி எனக்குப் பிடித்த பகுதி.

காங்கயம் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணறு 70 அடி. எங்கள் அப்பாரு உள்சுவரில் சுண்ணாம்பால் மூன்று கோடு போட்டு வைத்திருந்தார். நடுக்கோடு வரை தண்ணீர் இருந்தால் மோட்டார் மூன்று மணி நேரம் ஓடும். கீழ்க்கோடு வெளியே தெரிந்தால் பேச்சே இல்லை, நிறுத்திவிட வேண்டும். மறுபடி ஊறி நடுக்கோட்டைத் தொட ஒரு ராத்திரி ஆகும். மேல்கோட்டைத் தண்ணீர் தொட்டதை நான் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். யாராவது எட்டிப் பார்த்து "பரவால்லீங், நல்லாத் தண்ணி கெடக்குது" என்றால் அவருக்குக் கோபம் வரும். "கெடக்கறத வெச்சு என்ன பண்றது? ஊத்து எவ்வளவுன்னு கேளு" என்பார்.

நம் கேலக்ஸியை அப்பாருவின் கண்ணால் பாருங்கள். இங்கே வருஷத்துக்கு ஏறக்குறைய இரண்டு சூரியன் எடைக்கு வாயு விண்மீனாக மாறுகிறது. உடனே விண்மீன் ஆகத் தயாராகக் குளிர்ந்து கிடக்கும் வாயு, இந்த வேகத்தில் போனால் 100 கோடி ஆண்டு அளவுக்குத்தான் வரும். ஆனால் பால்வீதியில் விண்மீன் விளைச்சல் 1,000 கோடி ஆண்டுக்கு மேலாக நடக்கிறது. அப்படியென்றால் ஊற்று இருந்தாக வேண்டும். கேலக்ஸிகளுக்கு இடையே வலைப்பின்னலாக ஓடும் மெல்லிய வாயு இழைகளிலிருந்து புது வாயு வந்துகொண்டே இருக்கிறது. வரத்து, இறைப்பு, வெளியே கசிவது. இந்த மூன்றின் கூட்டல் கழித்தல்தான் ஒரு கேலக்ஸியின் வாழ்க்கை.

இறைப்பு உச்சத்தில் இருந்த காலம் ஏறக்குறைய 1,000 கோடி ஆண்டுக்கு முன். அப்போது பிரபஞ்சம் முழுக்க விண்மீன் பிறந்த வேகம் இன்றையதைப் போலப் பத்து மடங்கு. அதன் பிறகு இறக்கம்தான். ஏன் இறங்கியது என்பதற்கு நம் நாட்டிலிருந்தே ஒரு நல்ல சாட்சி கிடைத்தது. புனேக்கு வடக்கே நாராயண்காவ் அருகில் தலா 45 மீட்டர் அகலத்தில் 30 தட்டுகள் நிற்கின்றன, ஜி.எம்.ஆர்.டி. வானொலித் தொலைநோக்கி. ஹைட்ரஜன் அணு விடும் 21 சென்டிமீட்டர் அலையை அது பிடிக்கும். தூரத்துக் கேலக்ஸி ஒவ்வொன்றிலிருந்தும் வரும் அலை மிகப் பலவீனமாக இருப்பதால் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கேலக்ஸிகளின் அலைகளை ஒன்றாகக் கூட்டிப் பார்த்தார்கள். 2020-ல் வந்த முடிவு இது: 800 கோடி ஆண்டுக்கு முன் அந்தக் கேலக்ஸிகளில் அணு ஹைட்ரஜன் நிறையவே கிடந்தது. ஆனால் இறைத்த வேகத்தில் 100, 200 கோடி ஆண்டில் தீர்ந்துவிடும். வரத்து அதற்கு ஈடு கொடுக்கவில்லை, விளைச்சல் குறைந்தது. "நல்லாத் தண்ணி கெடக்குது" என்று அன்று யாராவது எட்டிப் பார்த்துச் சொல்லியிருந்தால் அப்பாரு சண்டைக்குப் போயிருப்பார்.

கசிவு என்றேனே, அதுவும் சின்ன விஷயம் இல்லை. பெரிய விண்மீன்கள் சீக்கிரம் எரிந்து சூப்பர்நோவாவாக வெடிக்கும்போது சுற்றியிருக்கும் வாயுவை ஊதித் தள்ளுகின்றன. சின்னக் கேலக்ஸியில் ஈர்ப்பு குறைவு, போன வாயு போனதுதான். பெரிய கேலக்ஸியில் ஒரு பங்கு திரும்பி வந்து விழும். நம்முடையது போன்ற கேலக்ஸிக்குப் பங்காகக் கிடைத்த வாயுவில் ஐந்தில் ஒரு பங்கு விண்மீன் ஆகியிருந்தாலே அது நல்ல மகசூல் என்று கணக்கு. வெடிப்பு வீணும் இல்லை. கார்பன், ஆக்சிஜன், இரும்பு எல்லாம் விண்மீன்களும் அவற்றின் வெடிப்புகளும் ஆக்கி வாயுவில் கலந்துவிட்டவை. நொய்யல் கரையில் கொடுமணலில் ஈராயிரம் ஆண்டுக்கு முன் உலை வைத்து இரும்பு உருக்கினார்களே, அந்த இரும்பு, உங்கள் மம்பட்டியில் இருக்கும் இரும்பு எல்லாமே சூரியன் பிறப்பதற்கு முன்னால் செத்துப்போன விண்மீன்களின் மிச்சம். சூரியனுக்கு வயது 460 கோடிதான். பால்வீதி அதற்கு முன் பல தலைமுறை விளைந்து ஓய்ந்திருந்தது.

சில கேலக்ஸிகளில் விளைச்சல் அடியோடு நின்றுபோகிறது. சிவந்து, உருண்டையாக, வயதான விண்மீன்கள் மட்டும் கொண்ட பெரிய நீள்வட்டக் கேலக்ஸிகள் அப்படிப்பட்டவை. சுற்றிலும் வாயு இல்லாமல் இல்லை, நிறைய இருக்கிறது. ஆற விடமாட்டேன் என்கிறது நடுவில் இருக்கும் கருந்துளை, ஒளியைக்கூட வெளியே விடாத ஈர்ப்புக் குழி. வாயு உள்ளே விழும்போது கருந்துளை அருகிலிருந்து பீய்ச்சியடிக்கும் தாரைகள் சுற்றுவட்டாரத்தையே சூடாக்கி வைக்கின்றன. பெர்சியஸ் கேலக்ஸிக் கொத்தில் இந்தத் தாரைகள் ஊதிய குமிழிகளையும், அதிலிருந்து பரவும் அழுத்த அலைகளையும் சந்திரா எக்ஸ்ரே தொலைநோக்கி படம் பிடித்திருக்கிறது. அடுப்பை அணைக்காமல் பாகு ஆறவில்லை என்று காத்திருக்கும் கதை. நம் பால்வீதியின் நடுவிலும் 40 லட்சம் சூரியன் எடைக்கு ஒரு கருந்துளை உண்டு. இப்போதைக்கு அது சாதுவாகக் கிடக்கிறது. கொத்துகளுக்குள் பாய்ந்து விழும் கேலக்ஸிகளுக்கு இன்னொரு ஆபத்து. அங்கே நிறைந்திருக்கும் சூடான வாயு எதிர்க்காற்றாக அடித்து, இவற்றின் வாயுவைப் பின்பக்கம் வால் வாலாக உரித்துவிடுகிறது. ஜெல்லி மீன் கேலக்ஸி என்பார்கள். நம் அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோள் புற ஊதாவில் பார்த்தபோது அந்த வால்களிலேயே புது விண்மீன்கள் பிறந்துகொண்டிருந்தன. உரித்துப் போட்டாலும் முளைக்கிறது!

"ஆதியிலிருந்தே இப்படித்தானா" என்ற கேள்விக்கு நேரடியாகச் சாட்சி சொன்ன கருவி ஒன்று உங்களுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரை. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். மலைச்சரிவில் படுத்துக் கிடக்கும் வானொலித் தொலைநோக்கி. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970-ல் முடிந்தது. அந்தச் சரிவைத் தேடிப் பிடித்ததுதான் சாமர்த்தியம். அந்த இடத்தின் அட்சரேகை சுமார் 11 பாகை, சரிவும் 11 பாகை. அதனால் கருவியின் நீளம் பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்து, ஒரே அச்சில் உருட்டினாலே ஒரு வான்பொருளை மணிக்கணக்கில் தொடர முடிந்தது. நிலா ஒரு வானொலிக் கேலக்ஸியை (வானொலி அலைகளை வலுவாக வீசும் கேலக்ஸி) மறைக்கும் கணத்தை வைத்து அதன் அளவைக் கணக்கிட்டார்கள். இப்படி நூற்றுக்கணக்கில் அளந்து, 1975-ல் ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும் ஒரு முடிவு சொன்னார்கள்: தூரத்தில், அதாவது பழைய காலத்தில், இருந்த வானொலிக் கேலக்ஸிகள் பக்கத்தில் இருப்பவை மாதிரி இல்லை. பிரபஞ்சம் எக்காலமும் ஒரே மாதிரி என்ற கொள்கை அப்போதே ஆட்டம் கண்டிருந்தது. ஊட்டியின் கணக்கும் அதற்கு எதிராகவே நின்றது. ஊட்டிக்குப் போகிறவர்கள் படகு விட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறார்கள் என்பதில் எனக்கு நெடுநாள் வருத்தம்.

சரி, மோதல். மோதல் என்று சொன்னாலே லாரியும் பஸ்ஸும் நினைவுக்கு வருகிறது. பவானிக் கூடுதுறையை நினைத்துக்கொள்வது நல்லது. ஓர் ஆற்றில் செந்நீரும் மற்றதில் தெளிநீரும் வந்தால், சேர்ந்த பிறகும் கொஞ்ச தூரம் நிறம் பிரிந்தேதான் ஓடும். கேலக்ஸிகள் சேரும்போது விண்மீன்கள் முட்டிக்கொள்வதில்லை. இடைவெளி அவ்வளவு அதிகம். வாயுதான் மோதும், அமுங்கும், திடீரென்று விளைச்சல் எகிறும். வந்து சேர்ந்த விண்மீன்களோ பழைய ஓட்டத்தை மறக்காமல் பல நூறு கோடி ஆண்டு வேறு தினுசாகவே சுற்றிக்கொண்டிருக்கும். கையா விண்கலம் பல கோடி விண்மீன்களின் ஓட்டத்தை அளந்ததில், 2018-ல் அப்படி ஒரு செந்நீர் தெரிந்தது. ஏறக்குறைய 1,000 கோடி ஆண்டுக்கு முன் ஒரு சிறு கேலக்ஸியை நம் பால்வீதி விழுங்கியிருக்கிறது. தனுசு ராசிப் பக்கம் 1994-ல் கண்டுபிடித்த இன்னொரு குட்டிக் கேலக்ஸியை இப்போதும் மென்றுகொண்டுதான் இருக்கிறது.

ஆண்ட்ரோமீடா 25 லட்சம் ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது, வினாடிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வருகிறது. இது உண்மை. 400 கோடி ஆண்டில் நேருக்கு நேர் மோதல் என்று 2012-ல் கணக்கிட்டார்கள். யூடியூப்காரர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். 2025-ல் பக்கத்துச் சிறு கேலக்ஸிகளின் இழுப்பையும், அளவீட்டில் உள்ள பிழைகளையும் சேர்த்துப் போட்டுப் பார்த்ததில், அடுத்த 1,000 கோடி ஆண்டுக்குள் இணைவதற்கு வாய்ப்பு பாதிக்குப் பாதிதான் என்று வந்திருக்கிறது. தேங்காய் விலை மாதிரி, இப்போதைக்கு அறுதியிட்டுச் சொல்ல முடியாது. வரும் மார்கழியில் இருட்டியதும் வடக்கே பார்த்து நின்று தலையை நன்றாக நிமிர்த்துங்கள். நிலா இல்லாத நாளில் மங்கிய திட்டாக ஆண்ட்ரோமீடா வெறுங்கண்ணுக்கே தெரியும்.

இப்போது அந்தக் கறுப்புக் கிழிசல். அது ஓட்டை இல்லை. அங்கே விண்மீன் இல்லாமலும் இல்லை. பின்னால் இருக்கும் ஆயிரக்கணக்கான விண்மீன்களை மறைத்துக்கொண்டு, நமக்குச் சில நூறு ஒளியாண்டிலிருந்து சில ஆயிரம் ஒளியாண்டு வரை, குளிர்ந்த வாயு கிடக்கிறது. அதில் பழைய விண்மீன்கள் ஊதிவிட்ட தூசி கலந்திருப்பதால் வெளிச்சம் வெளியே வரவில்லை. உள்ளே சூடு உறை நிலைக்கும் 250 பாகை கீழே. பால்வீதிக் கிணற்றில் இன்னும் இறைக்காமல் கிடக்கும் தண்ணீர் அது. அகச்சிவப்பில் பார்த்தால் அதற்குள் ஆங்காங்கே புது விண்மீன்கள் ஏற்கெனவே முளைவிட்டிருப்பது தெரிகிறது. அடுத்த முறைத் தண்ணீரும் ராத்திரியில் வந்து, கரண்டும் போனால், வெளிச்சப் பட்டையை விட்டுவிட்டு அந்தக் கறுப்பையே கொஞ்ச நேரம் பாருங்கள்.